கண்மாயில் கிடைத்த விளக்கு வளையம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை அளவு, முட்டி வலி, போன் எடுக்காத மகன். அதெல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகு யாராவது ஒருவர் தான் சின்ன வயதில் ஏறிய முதல் காரைப் பற்றி ஆரம்பிப்பார். பெரியப்பா வாங்கிய கறுப்புக் கார், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கார் என்று ஒவ்வொன்றாக வரும். என் முறை வரும்போது நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஏனென்றால் நான் ஏறிய முதல் காருக்கு உடம்பே கிடையாது. சக்கரம் இல்லை, இன்ஜின் இல்லை, மேலே கூரை இல்லை. வெளியே மின்னுகிற சாமான்கள் மட்டும்தான் இருந்தன. அதில் ஏறி நான் போகாத ஊர் இல்லை.

இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீடு மதுரையில், முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னால் இரண்டு அறை, பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகைதான் அப்பாவின் பட்டறை. பழைய சீமைக் கார்களின் வெளிச்சாமான்களை ஊர் ஊராகப் போய் வாங்கி வருவார். கதவுக் கைப்பிடி, விளக்கைச் சுற்றியிருக்கும் வளையம், சக்கரத்தின் நடுவில் மாட்டும் வீல் கப், பக்கவாட்டில் ஓடும் பளபளப்புப் பட்டை, பானெட்டின் நுனியில் இறக்கை விரித்து நிற்கும் பறவை. நெளிசல் எடுத்து, அழுக்கு நீக்கி, பாலிஷ் போட்டு, நிக்கல் முலாம் பூசி, அந்தக் காரை இன்னும் வைத்திருக்கிறவர்களுக்கு விற்பார். கல்யாண ஊர்வலத்துக்குத் திறந்த கார் விடுகிறவர்கள் வருவார்கள். பழைய கார் மேல் பைத்தியமான வெளியூர்ப் பணக்காரர்களும் வருவார்கள். இன்ஜின் பக்கம் மட்டும் அப்பா தலைவைத்துப் படுத்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒவ்வொருவரிடமும் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் எழுந்து நின்று, காருக்கு நகை செய்கிறார் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்றார்.

பட்டறையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பாலிஷ் சக்கரத்தில் தேய்க்கும் சோப்புக்கட்டி சூடாகும்போது வரும் ஒரு கொழுப்பு வாசனை. அதன் மேல் முலாம் தொட்டியின் புளிப்பு. சக்கரத்திலிருந்து தெறிக்கும் கறுப்புத் தூள் அப்பாவின் புருவத்திலும் காது மடலிலும் ஒட்டியிருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவாள். மத்தியான வெயில் கூரை ஓட்டை வழியாக இறங்கி, சுவரில் தொங்கும் வீல் கப்புகளில் பட்டு, தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் வட்ட வட்டமாக நெளியும். நான் சாக்கில் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சக்கரத்தின் ரீங்காரத்தில் கண் சொருகும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நேரம்தான் என் சிறுவயதில் பெரும்பகுதி என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஜோடி சேராமல் எதையும் விற்கமாட்டார். இடது கைப்பிடி கிடைத்தால் வலது கிடைக்கும் வரை அது சுவரில்தான் தொங்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்று ஆணியும் அடித்து வைப்பார். சுவர் முழுக்க ஒரு சாமான், ஒரு வெற்று ஆணி, ஒரு சாமான், ஒரு வெற்று ஆணி. வீட்டுக்கு வருகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், கல்யாணத் தரகர் வீடு மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள். ஜோடி என்றால் ஒரே அளவாக இருந்தால் போதாது. ஒரே வண்டியில் பிறந்ததாக இருக்க வேண்டும். புதிதாக வார்த்து ஒன்றைச் சேர்ப்பது என்கிற பேச்சே அவருக்கு ஆகாது.

அந்தச் சாமான்களை அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. மழை பெய்து வேலை ஓடாத நாள்களில் எங்கள் விளையாட்டே அதுதான். அம்மா துண்டால் அவர் கண்ணைக் கட்டுவாள். நான் எதையாவது எடுத்துக் கையில் கொடுப்பேன். அவர் கட்டைவிரலை உள்விளிம்பில் மெதுவாக ஓட்டுவார். முன்சக்கரம், இடது பக்கம், மேலூரில் வாங்கியது என்பார். தப்பியதே இல்லை. அம்மா ஒருமுறை ஏமாற்றுவதற்காக எவர்சில்வர் தட்டை நீட்டினாள். அதன் உள்விளிம்பிலும் விரலை ஓட்டி, இது உன் அண்ணன் சீர் கொடுத்தது, மட்டமான தகடு என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அண்ணன்தான், என் மாமா, நான் சொல்ல வந்த கோடையில் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனார். டி. கல்லுப்பட்டியில் அவருக்கு அரிசி ஆலை இருந்தது. உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அவர் தராசில் வைத்துத்தான் பார்ப்பார். "மாப்ள, இந்தச் செவுத்துல தொங்குறத அம்புட்டையும் எடைக்குப் போட்டா எம்புட்டு தேறும்?" என்பார். அப்பாவுக்கு ஆலையில் கணக்கப்பிள்ளை வேலை தருவதாகவும், எங்கள் குடும்பம் கல்லுப்பட்டிக்கே வந்துவிட வேண்டும் என்றும் அவருக்கு எண்ணம். பட்டறையில் வருமானம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. வராத மாதங்கள் அதிகமாகிவிட்டன. அம்மா கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்தக் கோடை முடியும் வரை பார்ப்பது, சரிப்படாவிட்டால் அண்ணன் சொல்கிறபடி செய்வது.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஒரு மில்லுக்குச் சொந்தக்காரர். தன் தாத்தா காலத்துக் கார் ஒன்றை மகள் கல்யாணத்துக்காகத் தயார் செய்துகொண்டிருந்தார். இன்ஜின் ஓடுகிறது, பெயின்ட் அடித்தாகிவிட்டது, ஆனால் வெளிச்சாமான் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் சேர்த்துக் கொடுத்தால் தன்னிடம் இருக்கும் மற்ற பழைய வண்டிகளின் வேலையும் அப்பாவுக்குத்தான் என்றார். பட்டறை நிற்பதற்கு அது போதும்.

அப்பாவிடம் அதே மாதிரி வண்டியின் சாமான்கள் இருந்தன. மேலூரில் ஒரு பெரிய வீட்டில், வைக்கோல் அறையில் கிடந்ததைச் சில வருஷம் முன்பு வாங்கியிருந்தார். எல்லாம் ஜோடியாக இருந்தன. முன்விளக்கு வளையம் மட்டும் ஒற்றை. கோயம்புத்தூர்க்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று இருந்தால் போதும், தங்கள் ஊரில் அதை அச்சாக வைத்து இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பா அதற்கு ஒத்துக்கொண்டிருந்தால் நான் உங்களுக்குச் சொல்ல இந்தக் கதையே இருந்திருக்காது. ஆனால் அவர், கல்யாணத்துக்குப் போகிற வண்டிக்குப் பொய்க்கண் வைத்து அனுப்புவதா என்று கேட்டுவிட்டு, ஜோடியைத் தானே தேடித் தருகிறேன் என்றார். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா தேடப் போன இடமெல்லாம் நானும் போனேன். மேலூர் பஸ் நிலையத்தில் கல் லாரிகளின் வெள்ளைத் தூசி எல்லார் தலையிலும் படிந்து, சின்னப் பிள்ளைகள்கூட நரைத்தவர்களாகத் தெரிந்தார்கள். டீக்கடையில் அப்பா தன் பையிலிருந்து ஒற்றை வளையத்தை எடுத்து மேஜை மேல் வைத்து விசாரித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஒன்று திருவாதவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மனுக்குப் பின்னால் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார். அப்பா டீயைக் குடிக்காமலேயே எழுந்துவிட்டார்.

அது ஒரு கண்மாய்க் கரைக் கோயில். கோயில் என்றால் நாலு சுவர், மேலே ஓடு, உள்ளே இடுப்பளவு அம்மன். அவள் தலைக்குப் பின்னால், சாமிக்கு ஒளிவட்டமாகத் திருவாசி வைக்கிற இடத்தில், பலகையில் ஆணியடித்து ஒரு வளையம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறி அடுப்படிச் சட்டி மாதிரி இருந்தது. அப்பா செருப்பைக்கூடக் கழற்ற மறந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது. பூசாரி ஒல்லியான மனிதர், காது வரை திருநீறு. அப்பாவின் கண்ணீரைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு பிடி திருநீறு அள்ளிக் கொடுத்தார்.

வளையத்தின் கதையை அவரே சொன்னார். முன்னொரு காலத்தில் மேலூர்ப் பெரிய வீட்டுக் கார் கரை சறுக்கிக் கண்மாய்க்குள் போயிற்று. காரைக் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துக் கண்மாய் வற்றிய ஒரு கோடையில், ஆடு மேய்க்கப் போன இடத்தில் சேற்றுக்குள் ஏதோ மின்னியதாம். எடுத்தவர் பூசாரியின் அப்பா. அந்த வருஷமே மழை கொட்டியது. அன்றிலிருந்து அது ஆத்தாளுடையது. ஆத்தா தண்ணீருக்குள்ளிருந்து தன் சாமானைத் தானே எடுத்து வந்துவிட்டாள் என்றார். அப்பாவின் பைக்குள் இருந்த வளையமும் அதே காரில் பிறந்தது. பையை நான்தான் தோளில் மாட்டியிருந்தேன். ஒன்றின் முன்னால் ஒன்று நிற்பது அந்தக் கோயிலில் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்பா பொய் பேசவில்லை. விஷயத்தைச் சொல்லி, புதிதாகப் பித்தளையில் பெரிய திருவாசி செய்து தருவதாகக் கேட்டார். ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு விட்டார்கள். அந்தப் பக்கத்தில் அவரை அம்பலம் என்பார்கள். அம்பலம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, இதில் தானும் சொல்ல முடியாது, பூசாரியும் சொல்ல முடியாது, ஆத்தாதான் சொல்ல வேண்டும் என்றார். பூக்கட்டிப் பார்க்க முடிவாயிற்று. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவது. வெள்ளை வந்தால் கொடுக்கலாம். சின்னப்பிள்ளை எடுத்தால்தான் செல்லும். தங்கள் ஊர்ப் பிள்ளை எடுத்தால் சந்தேகம் வரும், அவர்கள் பிள்ளையே எடுக்கட்டும் என்று அம்பலம் என்னைக் கை காட்டினார்.

பட்டறை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். கூரையில் நெளியும் அந்த வட்டங்கள் கல்லுப்பட்டியில் இருக்காது என்பதும் தெரியும். சாமியை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. ஏதோ ஒரு மடிப்பை எடுத்து நீட்டினேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

அப்பாவின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சாமியே தன் சாமானைத் தூக்கிக் கொடுத்துவிட்டதே என்று அவர் பயந்துபோயிருந்தார்.

சொன்னபடி பித்தளைத் திருவாசியைச் செய்து கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வளையத்தை எடுத்து வந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் நான். மடியில் துண்டுக்குள் வளையம். கொஞ்ச தூரம் போனதும் துண்டை விலக்கி அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். வட்டத்துக்குள் பனைமரம் வந்து போயிற்று. வெடித்துக் கிடந்த வயல், ஒரு கிணறு, வேலி ஓரம் நின்ற ஆடுகள், எல்லாம் உள்ளே நுழைந்து வெளியே போயின. யானைமலை வந்தபோது பஸ் மெதுவாகிவிட்டது. படுத்திருக்கும் அந்தப் பெரிய யானை முழுவதும் என் வளையத்துக்குள் அடங்கி, வெகுநேரம் அங்கேயே இருந்தது. அப்படி ஒரு அமைதியை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மா முதலில் அதைத் தொடவிடவில்லை. விளக்கேற்றி வைத்துக் கும்பிட்டு, அதில் ஒட்டியிருந்த குங்குமத்தைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அப்பா வேலையை ஆரம்பித்தார். பலகையில் அடித்ததால் வளையத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் இருந்தன. அவற்றை ஈயம் வைத்து அடைத்து, அரத்தால் ராவி, சக்கரத்தில் பிடித்தார். கரிக்குள்ளிருந்து பித்தளை மஞ்சளாக எழுந்து வந்தது. இரண்டு வளையங்களையும் ஒன்றாகவே முலாம் தொட்டியில் இறக்கினார். வெளியே எடுத்தபோது இரண்டும் வெள்ளை வெளேர் என்று, எது எது என்று சொல்ல முடியாதபடி இருந்தன. ஜோடி ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். வெற்று ஆணிக்கு வேலை வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

மறுநாள் அப்பா பட்டறைத் தரையைக் கூட்டிவிட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் காரின் சாமான்களை எல்லாம் அதனதன் இடத்தில் பரப்பினார். முன்னால் பம்பர், அதற்கு மேல் இரண்டு வளையங்கள், நடுவில் பறவை. இருபக்கமும் பட்டை ஓடியது. நாலு மூலையிலும் வீல் கப். கைப்பிடிகள், பின்விளக்குகள். எதுவும் விட்டுப்போகவில்லையே என்று பார்ப்பதற்காக அவர் செய்கிற வழக்கம் அது. நான் ஒரு மணையைத் தூக்கி நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி என் கையில் இருந்தது. அதைக் காற்றில் சுற்றினேன். கண்ணாடி இறங்கியது, சத்தியமாக இறங்கியது. காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காரில் நான் மேலூரைத் தாண்டி, கடலைத் தாண்டி, எங்கெங்கோ போய் வந்தேன். அம்மாகூட ஒரு தடவை பின்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். எங்கே போகணும் என்று கேட்டேன். எங்கேயும் வேண்டாம், இங்கேயே இருப்போம் என்றாள்.

கோயம்புத்தூர்க்காரர் வர வேண்டிய வாரம். சாமான் முழுதும் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க மாமா கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்தார். அன்று காலையில் சந்துக்குள் இரண்டு பேர் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அம்பலமும் பூசாரியும். பூசாரி பாதியாக இளைத்திருந்தார்.

வைகாசிப் பொங்கலில் ஆத்தா அவர் மேல் இறங்கவில்லையாம். உறுமிக்காரர்கள் கை ஓயும் வரை அடித்தும் அவர் சும்மா நின்றாராம். ஊரே பார்த்திருக்கிறது. பித்தளையை வாங்கிக்கொண்டு ஆத்தா முகத்தை விற்றுவிட்டான் என்று பேச்சு. பூக்கட்டிப் பார்த்ததையெல்லாம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆடிக்குள் ஆத்தா இறங்காவிட்டால் கோயிலைப் பங்காளி வீட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவதாக ஊரில் முடிவாகியிருந்தது. அம்பலம் பித்தளைத் திருவாசியையும் சாக்கில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

பிள்ளை கையால் உத்தரவு வாங்கித்தான் எடுத்தோம், முடியாது என்று அப்பா சொல்லியிருக்கலாம். மாமாதான் அப்பாவைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பேசினார். மாமாவை நான் அதிகம் கேலி செய்கிறேன், ஆனால் அன்று அவர் சொன்னது புத்திசாலித்தனமான பேச்சு.

"மாப்ள, ஒண்ணக் குடுத்துருங்க. சாமி சமாச்சாரம் நமக்கெதுக்கு. மிச்சம் ஒண்ணு இருக்குல்ல, அத வச்சு கோயம்புத்தூருல வாத்துக்கிருவாக. அவருதான் அன்னைக்கே சொன்னாருல்ல. ஒங்க பட்டறைக்கு ஒரு கொறையும் வராது."

அப்பா அத்தனை வீம்பும் இறங்கி, சரி என்று தலையாட்டினார். வாசலில் நின்ற அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எல்லாம் முடிந்துவிட்டது, பட்டறை பிழைத்தது என்று நான்கூட நினைத்தேன்.

அதற்குள் பூசாரி சுவரின் பக்கம் போய்விட்டார். மறுபடி ஜோடி ஆணியில் தொங்கிய இரண்டு வளையங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இடதுபக்கம் தொங்கியதை எடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இவதான். எங்க ஆத்தா இவதான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

அப்படியே பட்டறைத் தரையில், அந்தப் பாலிஷ் கரிக்குள் விழுந்து கும்பிட்டார். மடியிலிருந்து திருநீற்றை எடுத்து வளையத்தில் பூசினார். அம்பலமும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, இதுதானே என்று கேட்டார்.

அப்பா ஆணியில் மீதியிருந்த வளையத்தை எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கட்டைவிரலை உள்விளிம்பில் மெதுவாக ஓட்டினார். ஒரு முழுச் சுற்று. பூசாரி தரையிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறும் கரியும் கலந்திருந்தன. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"தெரியலண்ணே," என்றார் அப்பா. "ரெண்டும் ஒண்ணாப் போச்சு. எனக்கே வித்தியாசம் தெரியல. தப்பாயிரக் கூடாது. ரெண்டையும் கொண்டு போயிருங்க."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தன் கையில் இருந்ததைத் தன் துண்டிலேயே சுற்றிப் பூசாரியிடம் கொடுத்தார். அவர்கள் சந்து முனையைத் தாண்டும் வரை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்தபோது சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெற்று ஆணிகள் இருந்தன.

கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஒன்றாவது இருந்தால் வார்த்துக்கொள்ளலாம், இரண்டுமே இல்லாமல் எதை வைத்து வார்ப்பது என்று கேட்டார். கோபப்படவில்லை. வேறு ஊரில் யாரிடமோ முழு செட்டாக ஒன்று இருக்கிறதாம், போய்விட்டார். கோடை முடிந்தது. மாமாவின் ஆசைப்படியே சுவரில் தொங்கியதெல்லாம் தராசில் ஏறியது. அந்தப் பறவைகூட. ஜன்னல் கைப்பிடியை மட்டும் நான் பாவாடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன். பல வீடுகள் மாறியதில் அதுவும் எங்கோ போய்விட்டது.

கல்லுப்பட்டியில் அப்பாவின் புருவத்தில் கறுப்புத் தூளுக்குப் பதில் தவிட்டுத் தூள் ஒட்டியிருந்தது. கணக்கப்பிள்ளை வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தார். ஆனால் அந்த வீட்டில் யாரும் அவர் கண்ணைக் கட்டி விளையாடவில்லை. அம்மாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "தன் கையால செஞ்ச சாமானத் தனக்கே அடையாளம் தெரியாத மனுசன்." அப்பா கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். நானும் பல வருஷம் அவர் மேல் மனத்தாங்கலோடுதான் இருந்தேன். முலாம் போட்ட பளபளப்பில் மனிதர் ஏமாந்துபோனார், அவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரு நாள் விரல் தப்பிவிட்டது, அதனால் எங்கள் பட்டறை போயிற்று என்று நினைத்தேன். அம்மாவும் அப்படியே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அப்பா அவளுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

இப்போது போன தை மாதம், திருவாதவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மகன்தான் காரில் அழைத்துப் போனான். திரும்பும்போது கண்மாய்க் கரையைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். கோயிலில் இப்போது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பூசாரி முப்பது வயதுக்குள் இருக்கும், பழைய பூசாரியின் பேரனாம். செல்போனைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தீபாராதனை காட்டினான். அம்மனுக்குப் பின்னால் கம்பியில் கட்டிய ஒரு வளையம். இன்னொன்றை வாசல் உத்தரத்தில் தொங்கவிட்டு, அதன் நடுவில் மணி கட்டியிருந்தார்கள்.

இத்தனை வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் இரண்டிலும் நிக்கல் போய்விட்டது. இரண்டும் பித்தளை மஞ்சளாகப் பளபளத்தன. அம்மனின் பின்னால் இருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். சுத்தமான மஞ்சள் வட்டம், ஒரு மருவில்லை. வாசலுக்கு வந்து மணி கட்டிய வளையத்தை அண்ணாந்து பார்த்தேன். மஞ்சளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டு பொட்டுகள். ஈயப் பொட்டுகள். கையை உயர்த்திக் கட்டைவிரலை உள்விளிம்பில் ஓட்டினேன். எனக்கே, சமையல் செய்து தோல் தடித்துப்போன என் விரலுக்கே, இரண்டு மேடும் தட்டுப்பட்டன.

அப்பா அடைத்த ஓட்டைகள். அவர் கையால் வைத்த ஈயம். அன்றைக்கு அந்த விரல் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பூசாரி நெஞ்சோடு அணைத்திருந்தது கார் வளையம், தன் கையில் இருப்பதுதான் ஆத்தாளுடையது என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால், தன் சாமியையே அடையாளம் தெரியாதவன் என்று அம்பலத்தின் முன்னால் அந்த மனிதரின் கோயில் போயிருக்கும். சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் பட்டறை தப்பித்திருக்கும், ஆத்தாளின் வளையம் கல்யாணக் காரில் ஏறியிருக்கும். இரண்டும் அவரால் முடியவில்லை. தொழில் தெரியாதவன் என்ற பெயரைத் தான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டார். சாகிற வரை அம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் அழவும் செய்தேன்.

பேரன் பூசாரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். யாரென்று சொன்னேன். அவனுக்குக் கதை தெரிந்திருந்தது. அந்த ஆடியிலேயே ஆத்தா தாத்தா மேல் இறங்கிவிட்டாளாம். கடைசி வரைக்கும் தாத்தாதான் பூசாரியாம்.

"தாத்தா சாகுற வரைக்கும் சொல்லும், பட்டறைக்காரருக்கே தெரியல, நான் பாத்த ஒடனே கண்டுபிடிச்சுட்டேன்னு," என்றான். பிறகு மேலே தொங்கியதையும் உள்ளே இருந்ததையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "ஆமா அம்மா, ஒங்களுக்காவது தெரியுமா? இதுல எது ஆத்தாளோடது?"

உள்ளே தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கார் வளையத்தின் நடுவில் அம்மன் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்," என்றேன். "எங்க அப்பாவுக்கே தெரியல."